ஆபத்துக் காலத்துக்குப் பழைய ராணுவ ரைபிள் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் குடியேறிய நம்மவர்கள் பலருக்கு, ஒரு பெரும் புயலோ நீண்ட மின்வெட்டோ வந்துபோன பிறகு துப்பாக்கி பற்றிய யோசனை வருகிறது. விலை குறைவு, உறுதியானது, போரையே பார்த்தது என்று யாராவது சொல்ல, பேச்சு பழைய ராணுவ ரைபிளில் போய் நிற்கும். அந்தப் பேச்சில் பாதி உண்மை, பாதி இருபது ஆண்டுக்கு முந்தைய நிலவரம். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாம் அமெரிக்கச் சட்டத்தையும் சந்தையையும் மனத்தில் வைத்து எழுதியவை. இந்தியா பற்றி ஓரிரு கேள்விகள் கடைசியில் வரும்.

ராணுவம் கழித்த துப்பாக்கி பொதுமக்கள் கைக்கு எப்படி வருகிறது?

இரண்டு உலகப் போர்களிலும் நாடுகள் கோடிக்கணக்கில் ரைபிள் செய்தன. ரஷ்யாவின் மோசின்-நகான் வகையில் மட்டும் எல்லா மாதிரிகளும் சேர்த்து மூன்றரைக் கோடிக்கு மேல். போர் முடிந்து தானியங்கித் துப்பாக்கிகள் வந்ததும், இவை கிரீஸ் பூசிப் பெட்டியில் அடுக்கப்பட்டுக் கிடங்குகளில் உறங்கின. சோவியத் ஒன்றியம் உடைந்த பிறகு கிழக்கு ஐரோப்பிய நாடுகள் அவற்றை மொத்த மொத்தமாக விற்க, அமெரிக்க இறக்குமதியாளர்கள் அள்ளிக்கொண்டு வந்தார்கள். 2000-களில் நூறு டாலருக்கும் குறைவாக ஒரு மோசின் கிடைத்தது. ஒரு தகரப் பெட்டி நிறைய, 440 தோட்டாக்கள், அதே அளவு பணத்துக்குள் கிடைத்த காலமும் உண்டு. “ஏழையின் ரைபிள்” என்ற பேர் அப்போது வந்தது.

அந்தக் காலம் முடிந்துவிட்டது. கிடங்குகள் காலி. அன்று நூறு டாலருக்குப் போன துப்பாக்கி இன்று பல மடங்கு. அதே பணத்துக்கு ரூகர், சேவேஜ் போன்ற நிறுவனங்களின் புத்தம் புதிய போல்ட் ரைபிள், அதாவது ஒவ்வொரு முறையும் போல்ட்டைக் கையால் இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை, கிடைக்கிறது. உத்தரவாதம் உண்டு, தொலைநோக்கி பொருத்த வசதி உண்டு, தோட்டா எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். பழையதை வாங்கச் சொல்லும் முதல் காரணம் விலைதான் என்றால், அந்தக் காரணம் இப்போது இல்லை.

அவசர காலத்துக்கு ரைபிள் உண்மையில் தேவைப்படுமா?

2021 பிப்ரவரியில் டெக்சாஸ் உறைந்ததே, அதை நினைத்துப் பாருங்கள். நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளிலும் கடைகளிலும் மின்சாரம் இல்லை. குழாய்கள் வெடித்தன. குடிநீரைக் காய்ச்சிக் குடிக்கச் சொன்னார்கள். குளிரிலும், வீட்டுக்குள் கரி அடுப்பு மூட்டியதாலும் மூடிய கார் ஷெட்டில் காரை ஓடவிட்டதாலும் வந்த கார்பன் மோனாக்சைடிலும் மக்கள் இறந்தார்கள். 2017-இல் ஹார்வி புயல் ஹூஸ்டனை மூழ்கடித்தபோது படகும் மருந்தும் உலர்ந்த துணியும்தான் தேவைப்பட்டன. இந்த இரண்டிலும் ஒரு குடும்பத்தைக் காப்பாற்றியிருக்கக்கூடிய பொருள் எது என்று பட்டியல் போட்டால் ரைபிள் கடைசியில் வரும்.

ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் தண்ணீர், அதாவது சுமார் 3.8 லிட்டர், குறைந்தது சில நாட்களுக்கு. அடுப்பில்லாமல் சாப்பிடக்கூடிய உணவு. அன்றாட மாத்திரைகள் இரண்டு வாரத்துக்கு. பேட்டரியில் ஓடும் கார்பன் மோனாக்சைடு அலாரம். முதலுதவிப் பெட்டியும், ரத்தப்போக்கை நிறுத்தும் டூர்னிக்கேவும், அதைக் கட்டத் தெரிந்த ஒருவரும். இவை வீட்டில் இல்லாமல் துப்பாக்கிக்குப் பணம் ஒதுக்குவதை நான் ஏற்க மாட்டேன். இவையெல்லாம் இருந்து, ஊரிலிருந்து தள்ளி நிலம் வைத்திருப்பவர், மான் வேட்டைக்குப் போகிறவர், காட்டுப்பன்றித் தொல்லை உள்ளவர், போலீஸ் வர முக்கால் மணி ஆகும் இடத்தில் குடியிருப்பவர் என்றால் ரைபிள் பற்றிப் பேசலாம்.

நான் எச்1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாகக் கூடாது. இதை இந்தப் பக்கத்திலேயே முக்கியமான பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

எச்1பி, எஃப்1, எல்1 போன்ற குடியேற்றம் சாராத விசாவில் உள்ளவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வாங்குவதையும் வைத்திருப்பதையும் கூட்டாட்சிச் சட்டம் தடுக்கிறது. ஒரே ஒரு தோட்டா பையில் கிடந்தாலும் சட்டம் அதைத் துப்பாக்கி போலவே பார்க்கும். சில விதிவிலக்குகள் உண்டு. அவற்றில் பலர் பயன்படுத்துவது, ஏதாவதொரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது. உரிமம் காலாவதியான அன்றே அந்தப் பாதுகாப்பும் போய்விடும். இதில் தவறினால் தண்டனையோடு நிற்காது, நாட்டைவிட்டு அனுப்பப்படவும் காரணமாகும். பதினைந்து ஆண்டு கிரீன் கார்டுக்காகக் காத்திருக்கும் ஒருவர் ஒரு பழைய ரைபிளுக்காக இதைப் பணயம் வைக்கலாமா என்று நிதானமாக யோசியுங்கள். வாங்கியே தீருவது என்றால் முதலில் குடியேற்ற வழக்கறிஞரிடம் போங்கள், கடைக்காரரிடம் அல்ல. கடைக்காரருக்கு அவருடைய படிவம் தெரியும், உங்கள் விசா தெரியாது.

நண்பர் குடிமகன். அவர் பெயரில் வாங்கி எனக்குக் கொடுத்தால்?

அது குற்றம். தடைசெய்யப்பட்ட ஒருவருக்காக இன்னொருவர் வாங்கித் தருவதற்கு 15 ஆண்டு வரை சிறை உண்டு. வாங்கும்போது நிரப்பும் 4473 படிவத்தில் “உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா” என்றே கேட்கிறார்கள். அதில் பொய் எழுதுவது தனிக் குற்றம். நட்பின் பெயரால் இதை யாரிடமும் கேட்காதீர்கள், யாருக்கும் செய்யாதீர்கள்.

கணவன் குடிமகன், மனைவி இன்னும் விசாவில் என்ற வீடுகளில் துப்பாக்கிப் பெட்டகத்தின் சாவியும் எண்ணும் குடிமகனிடம் மட்டுமே இருக்க வேண்டும். மற்றவருக்கு எட்டும்படி வைத்தால் அவரும் வைத்திருப்பதாகக் கருதப்படலாம்.

கிரீன் கார்டு இருந்தால்?

வாங்கலாம். உரிமம் பெற்ற கடையில் 4473 படிவம், பின்னணிச் சோதனை, ரைபிளுக்குக் குறைந்தபட்ச வயது 18. அதற்கு மேல் மாநிலச் சட்டம். நம்மவர்கள் அதிகம் வாழும் நியூ ஜெர்சியில் முதலில் வாங்குபவர் அடையாள அட்டை எடுக்க வேண்டும். இல்லினாயில் துப்பாக்கி வைத்திருப்பவருக்கான எஃப்ஓஐடி அடையாள அட்டை. கலிஃபோர்னியாவில் பாதுகாப்புத் தேர்வுச் சான்றிதழும் பத்து நாள் காத்திருப்பும். டெக்சாஸில் இவை எதுவும் இல்லை. மாநிலம் மாறிக் குடிபோகும்போது பழைய ஊரில் சட்டப்படி இருந்தது புதிய ஊரில் குற்றமாகிவிடலாம் என்பதையும் நினைவில் வையுங்கள்.

ஐம்பது ஆண்டைத் தாண்டி, மூல வடிவம் மாறாத துப்பாக்கிகளைச் சேகரிப்பவர்களுக்கென்று தனி உரிமம் ஒன்று உண்டு. மூன்று ஆண்டுக்கு முப்பது டாலர். ஆண்டுக்கு ஒன்றிரண்டு வாங்குபவருக்கு அது தேவையில்லை.

எந்தத் துப்பாக்கி என்று எதை வைத்து முடிவெடுப்பது?

தோட்டாவை வைத்து. முதலில் தோட்டா, பிறகுதான் துப்பாக்கி.

உங்கள் ஊரில் வேட்டைச் சாமான் விற்கும் சாதாரணக் கடைக்குப் போய், அலமாரியில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். .308 வின்செஸ்டர், .30-06 இரண்டும் இருக்கும். .303 பிரிட்டிஷ் ஒரு பெட்டி இருந்தால் அதிர்ஷ்டம். சுவிட்சர்லாந்தின் 7.5, ஜப்பானின் 7.7, இத்தாலியின் 6.5 கார்கானோ ஆகியவை இணையத்தில் மட்டும்தான். செர்பியாவின் பிர்வி பார்ட்டிசான் நிறுவனம் இந்தப் பழைய அளவுகள் பலவற்றை இன்றும் செய்கிறது. அந்த ஒரு தொழிற்சாலை இல்லாவிட்டால் பாதிச் சேகரிப்பாளர்களின் ரைபிள் சுவரில்தான் தொங்கும். ஆனால் கடல் கடந்து ஒரே இடத்திலிருந்து வரும் தோட்டாவை நம்பி அவசர காலத்துக்குத் திட்டம் போட முடியாது.

ரஷ்யத் தோட்டாக்கள் ஒரு பாடம். 2021 ஆகஸ்டில் அமெரிக்க அரசு ரஷ்யாவிலிருந்து துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் புதிய இறக்குமதி அனுமதியை நிறுத்துவதாக அறிவித்தது. மலிவுக்கே பேர்போன, மோசினுக்கான 7.62×54ஆர் தோட்டா அதன் பிறகு மலிவாக இல்லை. 2013-இலும் 2020-இலும் எல்லாத் தோட்டாவுக்குமே தட்டுப்பாடு வந்தது. அப்போதும் முதலில் திரும்பி வந்தவை பரவலாகப் புழங்கும் அளவுகள்தான்.

மோசின்-நகான் பற்றி எல்லோரும் சொல்கிறார்களே?

1891-இல் ரஷ்யப் படை ஏற்றுக்கொண்ட வடிவம். பரவலாகக் கிடைப்பது 91/30 மாதிரி. நான்கு அடிக்கு மேல் நீளம், நாலு கிலோ எடை, ஐந்து தோட்டா. உடையாது. பனியிலும் சேற்றிலும் சுடும். இதெல்லாம் உண்மை.

ஆனால் காருக்குள் திருப்ப முடியாத நீளம். போல்ட்டின் கைப்பிடி குட்டையாக நேராக நிற்பதால், சூடேறிய பிறகு இறுகிக்கொண்டால் உள்ளங்கையால் அடித்துத் திறக்க வேண்டியிருக்கும். அந்த இறுக்கத்துக்குப் பெரும்பாலும் காரணம், தோட்டா அமரும் சேம்பருக்குள் பல ஆண்டாகக் காய்ந்து படிந்த காஸ்மொலின் கிரீஸ். மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானும் பிரஷும் கொண்டு சுத்தமாக எடுத்தால் பாதிப் பிரச்சினை தீரும். பாதுகாப்புப் பூட்டு போடப் பின்புறக் குமிழை இழுத்துத் திருப்ப வேண்டும். பெரும்பாலோரின் விரலுக்கு அது எளிதல்ல. குழல் முனையில் கத்தி பொருத்திச் சுடும்படி குறி சரிபார்க்கப்பட்டது என்பதால், கத்தி இல்லாமல் சுட்டால் தோட்டா வேறிடத்தில் போய் விழும்.

பின்லாந்து இதே துப்பாக்கியை எடுத்துத் திருத்திச் செய்த எம்39 அருமையான ரைபிள். விலையும் அதற்கேற்பத்தான். சாதாரண 91/30-ஐ இன்றைய விலைக்கு அவசர காலத்துக்கென்று வாங்கச் சொல்ல மாட்டேன்.

நம் ஊர் போலீஸ் வைத்திருந்த .303 அங்கே கிடைக்குமா?

கிடைக்கும். எனக்கு மிகவும் பிடித்த துப்பாக்கியும் அதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

நாம் “த்ரீ நாட் த்ரீ” என்று சொல்வது லீ-என்ஃபீல்டு. 1907-இல் வந்த மூன்றாம் மார்க் மாதிரியை மேற்கு வங்கத்தின் இஷாபூர் ரைபிள் தொழிற்சாலை பல பத்தாண்டுகள் செய்தது. உத்தரப் பிரதேசப் போலீஸ் 2020 குடியரசு நாள் அணிவகுப்போடுதான் அதற்கு விடைகொடுத்தது. இரண்டாம் உலகப் போரில் வந்த நான்காம் எண் மாதிரியை இங்கிலாந்தோடு கனடாவின் லாங் பிராஞ்சும் அமெரிக்காவின் சேவேஜ் நிறுவனமும் செய்தன. கனடாவின் வட துருவப் பகுதியில் ரோந்து போகும் ரேஞ்சர்கள் இந்த நான்காம் எண்ணை எழுபது ஆண்டளவு வைத்திருந்தார்கள். பனிக்கரடி உலாவும் இடத்தில் அவர்கள் நம்பியது இதைத்தான்.

பத்துத் தோட்டா கொள்ளும் மேகசின் (தோட்டா அடுக்கும் பெட்டி), குட்டையான, வழுக்கிக்கொண்டு ஓடும் போல்ட். தோளிலிருந்து எடுக்காமலே அடுத்த தோட்டாவை ஏற்றலாம். முதல் உலகப் போருக்கு முந்தைய பிரிட்டிஷ் பயிற்சியில் 300 கஜத் தொலைவில் நிமிடத்துக்குப் பதினைந்து குண்டாவது இலக்கில் பட வேண்டும் என்று கேட்டார்கள். போல்ட் ரைபிளில் அது சாத்தியமானது இந்த அமைப்பால்தான்.

இஷாபூரில் இன்னொன்றும் செய்தார்கள். 1962 சீனப் போருக்குப் பிறகு, .308-ஐ ஏறக்குறைய ஒத்த 7.62 நேட்டோ தோட்டாவுக்கென்றே மேம்பட்ட எஃகில் புதிதாகச் செய்த 2ஏ, 2ஏ1 மாதிரிகள். பழைய .303-ஐ மாற்றியமைத்தவை என்று சொல்வார்கள், தவறு. பெட்டி போன்ற மேகசினைப் பார்த்தாலே அடையாளம் தெரியும். அமெரிக்காவில் இவை கணிசமாக இறங்கின. தோட்டாக் கணக்கில் பார்த்தால் பழைய ராணுவ போல்ட் ரைபிள்களில் இதுதான் இன்று நடைமுறைக்கு நெருக்கமானது. ஒரு எச்சரிக்கை: கடையில் கிடைக்கும் .308 வேட்டைத் தோட்டாக்களில் சில அழுத்தம் கூடியவை. இந்தத் துப்பாக்கிக்கு 7.62 நேட்டோ அளவுக்குச் செய்த தோட்டாவைப் போடுங்கள், காரமானதைத் தேடிப் போகாதீர்கள்.

“டிபி” என்று முத்திரை குத்திய லீ-என்ஃபீல்டு அணிவகுப்புப் பயிற்சிக்கென்று ஒதுக்கப்பட்டது. அதைச் சுடவே கூடாது.

மவுசர், சுவிஸ், ஸ்வீடிஷ் துப்பாக்கிகள்?

செய்நேர்த்தியில் மற்றவற்றை மிஞ்சியவை. 1898 மவுசரின் போல்ட் அமைப்பை இன்றைய வேட்டை ரைபிள்களும் பின்பற்றுகின்றன. செக் நாட்டு விஇசட்24, யூகோஸ்லாவியாவின் எம்48 நல்ல தேர்வு. அமெரிக்க நிறுவனங்கள் செய்யும் 8 மில்லிமீட்டர் மவுசர் தோட்டா பெரும்பாலும் வேண்டுமென்றே வலுக்குறைவாக இருக்கும். இன்னும் பழைய, சற்றுச் சிறிய குழல் உள்ள துப்பாக்கியில் யாராவது போட்டுவிடுவார்களோ என்ற பயம்தான் காரணம்.

சுவிஸ் கே31 நேராக இழுத்துத் தள்ளும் போல்ட் கொண்டது. குறியில் இதை மிஞ்சிய ராணுவத் துப்பாக்கி அரிது. அடிக்கட்டையின் பின்தகட்டைக் கழற்றினால், சில துப்பாக்கிகளில் அதை வைத்திருந்த வீரரின் பெயர்ச்சீட்டு இருக்கும். ஸ்வீடனின் 6.5×55 சுடும்போது தோளில் உதை குறைந்தது, உடல் சிறுத்தவர்களுக்கும் ஏற்றது. ஆனால் தோட்டாவைத் தேடி அலைய வேண்டும் என்பது இரண்டுக்கும் பொருந்தும்.

எம்1 கராண்ட்?

1936-இல் அமெரிக்கப் படை ஏற்ற, தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள். .30-06 தோட்டா. எட்டுத் தோட்டாவைத் தகடு கிளிப்போடு சேர்த்து மேலிருந்து அழுத்தி ஏற்ற வேண்டும். ஐம்பது லட்சத்துக்கு மேல் செய்தார்கள். அலபாமாவின் அனிஸ்டனில் உள்ள சிவிலியன் மார்க்ஸ்மன்ஷிப் புரோகிராம் என்ற அமைப்பு, சோதித்துப் பார்த்த கராண்ட்களைத் தானே விற்கிறது. வாங்குபவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், இணைப்பு பெற்ற சுடுகழகம் ஒன்றில் உறுப்பினராகவும் இருக்க வேண்டும். விலை ஆயிரம் டாலர் அளவில். தெரியாத ஒருவரிடம் வாங்குவதைவிட இது எவ்வளவோ மேல்.

இதற்கு எந்த .30-06-ஐயும் போடக் கூடாது. கனமான குண்டும் மெதுவாக எரியும் வெடிமருந்தும் கொண்ட இன்றைய வேட்டைத் தோட்டாக்கள் வாயு அழுத்தத்தைக் கூட்டி, உள்ளே ஓடும் நீண்ட தண்டை வளைத்துவிடும். பெட்டியில் “எம்1 கராண்டுக்கு” என்று அச்சிட்ட, 150 கிரெய்ன் எடைக் குண்டுள்ள தோட்டாவை வாங்குங்கள்.

எஸ்கேஎஸ்?

சோவியத் வடிவமைப்பு, கராண்ட் போலத் தானே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைபிள். 7.62×39 தோட்டா, பத்து கொள்ளும் நிலையான மேகசின், குட்டை, எளிது. சீனத்து டைப் 56, யூகோஸ்லாவிய எம்59/66 இரண்டும் பரவலாகப் புழங்குகின்றன. யூகோஸ்லாவிய மாதிரியின் குழலுக்குள் குரோமியப் பூச்சு இல்லை, துரு விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும்.

முதல் வேலை, தோட்டாவின் பின்புறத்தைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியான ஃபயரிங் பின்னைச் சுத்தம் செய்வது. அது ஸ்பிரிங் இல்லாமல் தளர்ந்து ஓட வேண்டியது. காய்ந்த கிரீஸில் முன்னால் ஒட்டிக்கொண்டால், போல்ட் மூடும்போதே தோட்டா வெடிக்கும். விசையைத் தொடாமலே தொடர்ந்து சுடவும் கூடும். போல்ட்டைக் கையில் எடுத்துக் குலுக்கினால் பின் ஆடும் சத்தம் கேட்க வேண்டும். கேட்கும் வரை சுடாதீர்கள். கழற்றி மாட்டும் மேகசினாக மாற்றுவது சில மாநிலங்களில் குற்றம். உள்ளபடியே விட்டுவிடுங்கள்.

எதைத் தொடவே கூடாது?

அமெரிக்காவின் 1903 ஸ்பிரிங்ஃபீல்டில் ஆரம்ப எண்கள். ஸ்பிரிங்ஃபீல்டு தொழிற்சாலையில் 8,00,000-க்குக் கீழ், ராக் ஐலண்டில் 2,85,507-க்குக் கீழ் உள்ளவற்றின் எஃகு சூடேற்றும் பக்குவத்தில் பிழை. நொறுங்கியவை உண்டு. போரின் கடைசி மாதங்களில் அவசரமாகச் செய்த ஜப்பானிய அரிசாகாக்களும் பார்வைக்கு மட்டும். யாரோ வீட்டில் வேறு தோட்டாவுக்கு மாற்றியமைத்தது என்றால் விலை கேட்கவே வேண்டாம்.

கடையில் துப்பாக்கியைக் கையில் எடுத்ததும் என்ன பார்ப்பது?

காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கடைக்காரர் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார் என்றாலும் நீங்களும் பாருங்கள்.

பிறகு குழல். போல்ட்டைக் கழற்றச் சொல்லி, வெளிச்சத்தில் பின்னிருந்து பாருங்கள். குழலின் உட்சுவரில் ஓடும் சுழல்வரிகள் கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுப்பாக இருப்பது அழுக்காகவும் இருக்கலாம். குழி விழுந்திருந்தால் அது துரு. குழல் வாய்தான் இன்னும் முக்கியம். எஃகுக் கம்பியால் வாய்ப்பக்கமிருந்து துடைத்துத் துடைத்து, வாய் அகன்ற துப்பாக்கிகள் ஏராளம். உள்ளே கண்ணாடி போலிருந்தாலும் அவை குறியில் நிற்காது.

எண்கள். போல்ட்டிலும் உடலிலும் ஒரே எண் இருந்தால் நல்லது. வேறு போல்ட் மாட்டியிருந்தால் ஹெட்ஸ்பேஸ் மாறியிருக்கலாம். போல்ட் முகத்துக்கும் தோட்டா பதிந்து நிற்கும் இடத்துக்கும் நடுவே உள்ள இடைவெளியைத்தான் ஹெட்ஸ்பேஸ் என்கிறார்கள். அது கூடினால் பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு முகத்தை நோக்கி வரும். “கோ”, “நோ-கோ”, “ஃபீல்டு” என்று மூன்று அளவுகோல்கள் உண்டு. எந்தப் பழைய ரைபிளையும் முதல்முறை சுடுவதற்கு முன் துப்பாக்கிப் பட்டறைக்காரரிடம் இந்தச் சோதனை செய்துகொள்ளுங்கள். துப்பாக்கி விலையில் அது சிறு தொகை. நான்காம் எண் லீ-என்ஃபீல்டில் போல்ட்டின் தலை 0 முதல் 3 வரை நான்கு அளவில் வரும், மாற்றிச் சரிசெய்யலாம். மற்றவற்றில் அது எளிதல்ல.

மரத்தில் விரிசல் இருக்கிறதா என்று போல்ட்டுக்குப் பின்புறம் பாருங்கள். கட்டையின் பளபளப்பைப் பார்த்து விலை கொடுக்காதீர்கள்.

“அரிக்கும் தோட்டா” என்கிறார்களே?

பழைய ராணுவத் தோட்டாக்கள் பலவற்றின் பிரைமரில், அதாவது வெடிமருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியில், பொட்டாசியம் குளோரேட் இருக்கும். சுட்டதும் குழலுக்குள் பொட்டாசியம் குளோரைடு என்ற உப்பு தங்கும். அது காற்றின் ஈரத்தை இழுத்து எஃகைத் துருப்பிடிக்கச் செய்யும். ஹூஸ்டன், மயாமி போன்ற புழுக்கமான ஊரில் ஓரிரவே போதும். எண்ணெய் உப்பைக் கரைக்காது. தண்ணீர்தான் கரைக்கும். சுட்ட அன்றே குழல், போல்ட் முகம் எல்லாவற்றையும் வெந்நீரால் கழுவி, நன்றாகத் துடைத்து உலர்த்தி, பிறகு எண்ணெய் போட வேண்டும். கராண்ட், எஸ்கேஎஸ் போன்றவற்றில் வாயு போகும் பாகங்களையும் விடாதீர்கள்.

வெந்நீருக்கே வழியில்லாத அவசர காலத்தில் இந்தத் தோட்டா சுமையாகிவிடும். இப்போது செய்யும், அரிக்காத தோட்டாவை வாங்குங்கள்.

எவ்வளவு தோட்டா சேர்த்து வைப்பது?

ஆயிரக்கணக்கில் குவிப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. உங்கள் துப்பாக்கியில் குறி சரிபார்த்த ஒரே வகையில் இருநூறு, அதுபோகப் பயிற்சிக்குத் தனியாக. ஈரம் புகாத ரப்பர் விளிம்புத் தகரப் பெட்டியில், சூடேறாத அறையில் வைத்தால் பல பத்தாண்டு கெடாது. கோடையில் வெந்துபோகும் டெக்சாஸ் கார் ஷெட் அதற்கான இடம் அல்ல.

வீட்டுக்குள் பாதுகாப்புக்கு இதைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். இவை அரை மைலுக்கு அப்பால் ஆளை வீழ்த்தச் செய்தவை. அமெரிக்க வீட்டுச் சுவர் மரச்சட்டமும் ஜிப்சம் பலகையும்தான். .30-06 குண்டு அதை ஊடுருவிப் பக்கத்து வீட்டுக் குழந்தை தூங்கும் அறைக்கும் போகும். டவுன்ஹவுஸ், அபார்ட்மென்ட் என்றால் யோசிக்கவே இடமில்லை. மூடிய அறைக்குள் காதுக் கவசம் இல்லாமல் சுட்டால் செவித்திறன் நிரந்தரமாகப் பாதிக்கப்படும்.

நாற்பத்தைந்தைத் தாண்டி, கண்ணாடி போடுகிறேன். சரிவருமா?

யாரும் கேட்காத, ஆனால் எல்லோரும் கேட்க வேண்டிய கேள்வி. பழைய துப்பாக்கியில் பின்புற வெட்டு, முன்புற முள், இலக்கு மூன்றையும் ஒரே கோட்டில் கொண்டுவர வேண்டும். வெள்ளெழுத்து வந்த கண்ணுக்குப் பின்புற வெட்டு மங்கிவிடும். நான்காம் எண் லீ-என்ஃபீல்டிலும் கராண்டிலும் கண்ணுக்கருகே துளைவழிப் பார்வை உண்டு, அது பெரிய உதவி. மற்றவற்றில் தொலைநோக்கி பொருத்த ஓட்டை போட்டால் துப்பாக்கியின் மதிப்பு போய்விடும். தொலைநோக்கி வேண்டுமென்றால் புதிய ரைபிள் வாங்குவதே சரி.

வீட்டில் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

பூட்டிய எஃகுப் பெட்டகம், தோட்டா தனிப் பூட்டில். “குழந்தைக்குத் தெரியாத இடம்” என்று வீட்டில் எதுவும் கிடையாது. பதின்வயதுப் பிள்ளைகள் இருந்தால் இன்னும் கவனம். அமெரிக்காவில் துப்பாக்கியால் நேரும் சாவுகளில் பாதிக்கும் மேல் தற்கொலைகள். வீட்டில் யாருக்காவது மனச்சோர்வு இருக்கிறதென்றால் இப்போது வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் வீட்டுக்கு வெளியே பாதுகாப்பாக வைக்க ஏற்பாடு செய்யுங்கள். பல மாநிலங்களில் கடைகளும் போலீஸ் நிலையங்களும் இதற்கு இடம் தருகின்றன. இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சரி, நீங்கள் எதைச் சொல்வீர்கள்?

முதல் துப்பாக்கி, அதுவும் அவசர காலத்துக்கு என்றால் பழையதே வேண்டாம். சிறு தோட்டா சுடும் .22 ரைபிள் ஒன்றில் பழகுங்கள். தோட்டா மலிவு, உதை இல்லை, தவறான பழக்கங்கள் ஒட்டாது. ஆறு மாதம் மாதமொருமுறை சுடும் பயிற்சி நடக்கும் ரேஞ்சுக்குப் போகப் பொறுமை இருக்கிறதா என்பதும் அதில் தெரிந்துவிடும். பிறகும் தேவை இருந்தால் .308-இல் புதிய போல்ட் ரைபிள்.

பழையதுதான் வேண்டும், வரலாறும் கையில் இருக்க வேண்டும் என்பவருக்கு: குடிமகனாக இருந்தால் கராண்ட், கிரீன் கார்டு என்றால் சோதித்துப் பார்த்த இஷாபூர் 2ஏ1. இஷாபூர் தொழிலாளர்கள் செய்த ஒரு பொருள் அறுபது ஆண்டு கழித்து அரிசோனாவில் ஒருவர் தோளில் நம்பிக்கையோடு இருக்கிறது என்பதில் எனக்குப் பெருமை உண்டு.

இந்தியாவில் இவற்றை வாங்க முடியுமா?

முடியாது. .303-உம் 7.62-உம் அங்கே தடைசெய்யப்பட்ட அளவுகள், சாதாரண உரிமத்தில் கிடைக்காது. படைத் தோட்டா பொதுமக்கள் துப்பாக்கியில் பொருந்தக் கூடாது என்று பிரிட்டிஷார் காலத்தில் தொடங்கிய ஏற்பாடு அது. அதனால்தான் .315 என்ற அளவில் ஸ்போர்ட்டிங் ரைபிள் செய்கிறார்கள். 1959 ஆயுதச் சட்டத்தில் 2019-இல் வந்த திருத்தப்படி, ஒருவர் இரண்டு துப்பாக்கிக்கு மேல் வைத்திருக்க முடியாது.

ஊருக்குப் போகும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது?

ரேஞ்சுக்குக் கொண்டுபோகும் பையைப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கவாட்டு ஜிப்பில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா இந்திய விமான நிலையச் சோதனையில் அகப்பட்டால் ஆயுதச் சட்டத்தில் வழக்கு பதிவாகும். தெரியாமல் வந்தது என்று நிரூபித்து வெளிவர வழக்கறிஞரும் நீதிமன்றமும் வேண்டியிருக்கும், பயணம் கெடும். பழைய பை, கோட்டுப் பை, கேமராப் பை எல்லாவற்றையும் கவிழ்த்து உதறிப் பார்த்துவிட்டுத்தான் துணி அடுக்க வேண்டும். கணவர் ரேஞ்சுக்குப் போகிறவராக இருந்தால், பிள்ளைகளின் முதுகுப்பையையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.